நூறு மீட்டரில் புதுத் துப்பாக்கி

மெர்வ் டானஹர் தன் புதுத் துப்பாக்கியைச் சுடுதளத்துக்குக் கொண்டுவந்தது ஜூலை பன்னிரண்டாம் தேதி, சனிக்கிழமை, காலை ஏழே முக்காலுக்கு. நான் கேட்டைத் திறந்து பத்து நிமிடம் ஆகியிருக்கும். எங்கள் பக்கம் ஜூலை குளிர்காலம், பெஞ்சுகளின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. கோணிச் சாக்கால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கங்காரு சுடுவது மெர்வின் தொழில். இருபது வயதில் தொடங்கியவனுக்கு இப்போது அறுபத்திரண்டு. நானும் அவனும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். அந்தப் பள்ளியில் மொத்தமே பத்தொன்பது பிள்ளைகள், ஆகையால் யாருக்கும் யாரைப் பற்றியும் தெரியாதது எதுவும் இல்லை. அப்படித்தான் அன்று காலைவரை நினைத்திருந்தேன்.

அவன் தொழிலில் ஒரே விதி, குண்டு தலையில் பட வேண்டும். தலையில் பட்டால் உயிர் அந்தக் கணமே போகும், இறைச்சியும் கெடாது. கழுத்துக்குக் கீழே துளை இருந்தால் குளிர்பதனக் கிடங்கில் எடுக்க மாட்டார்கள். முந்தைய இரண்டு மாதங்களில் மெர்வ் கொண்டுபோனவற்றில் பதினொன்றைக் கிடங்குக்காரர் பாஸ்கோ திருப்பி அனுப்பியிருந்தார். கடைசியில் அவர் பொறுமை இழந்து, "சோதனையில மறுபடி தேறிட்டு, நோலீன் கையெழுத்தோட படிவத்தைக் கொண்டா. திங்கக்கிழமைக்குள்ள வரலேன்னா பட்டியல்லேர்ந்து உன் பேரை அடிச்சிடுவேன்" என்று சொல்லிவிட்டார். நோலீன் நான்தான். எங்கள் கிளப்பின் சுடுதளத்துக்குப் பொறுப்பு நான். நூறு மீட்டரில், உள்ளங்கை அளவு வட்டத்துக்குள் ஐந்து குண்டும் விழுந்தால் நான் கையெழுத்திடுவேன். நான்கு விழுந்தால் இடமாட்டேன்.

மெர்வ் பழியைப் பழைய துப்பாக்கியின் மேல் போட்டான். குழல் உள்ளே தேய்ந்துவிட்டது, குண்டு தள்ளாடிக்கொண்டு போகிறது என்றான். இருபத்தாறு வருடம் உழைத்த குழல். நம்பாமல் இருக்கக் காரணமில்லை.

புதியதை அவன் உறையிலிருந்து எடுத்தபோது பாஸ்கோவும் வந்து சேர்ந்தார். கையில் பேக்கரியிலிருந்து வாங்கிய, இறைச்சி அடைத்த சூடான மீட் பை மூன்று. துப்பாக்கியில் மரமே இல்லை. கறுப்பு அலுமினியச் சட்டம், கனத்த குழல். கன்னம் வைக்கும் பலகையையும் தோளில் முட்டும் பகுதியையும் திருகி ஏற்றி இறக்கிக்கொள்ளலாம்.

"என்னய்யா இது, துப்பாக்கியா, ஆஸ்பத்திரிக் கட்டிலா? எங்க தொட்டாலும் திருகாணி" என்றார் பாஸ்கோ.

"கட்டில் உனக்குத்தான்யா தேவைப்படும். தொப்பையைப் பாரு, குட்டியைப் பையில வச்சிருக்கற மாதிரி."

"குட்டி இல்லய்யா, நீ கொண்டுவந்து நான் திருப்பின பதினொண்ணும் இதுக்குள்ளதான் இருக்கு."

மெர்வ் சிரித்தான். அந்தச் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது.

சோதனைக்கு முன் துப்பாக்கியைப் பழக்க வேண்டும். குண்டு ஏற்றும் போல்ட்டைத் தூக்கி இழுத்துப் பார்த்தேன். எண்ணெய் போட்ட கதவுபோலச் சத்தமில்லாமல் பின்னால் வந்து, அதே வழியில் திரும்பிப் போனது. விசையில் இழுவையே இல்லை. சுடலாம் என்று விரல் நினைக்கும்போதே உள்ளே ஊசி விழுந்துவிடுகிறது. நாற்பது வருடமாகப் பல துப்பாக்கிகளைக் கையில் எடுத்திருக்கிறேன், இவ்வளவு ஒழுங்காகச் செய்த ஒன்றை எடுத்ததில்லை.

புதுக் குழல் என்பதால் முதல் ஐந்து குண்டுகளில் ஒவ்வொன்றுக்கும் பிறகு உள்ளே துணி விட்டுத் துடைக்க வேண்டும். மெர்வ் அதை அவசரமில்லாமல் செய்தான். இலக்குத் தாள் நாங்கள் வழக்கமாக வைப்பதுதான். முழுக்க அங்குலக் கட்டங்கள், நடுவில் கறுப்புப் புள்ளி. முதல் குண்டு எட்டு இருபதுக்கு. ஐந்தாவது எட்டே முக்காலுக்கு. நான் தொலைநோக்கியில் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். ஒன்று இடது பக்கம் ஏழு சென்டிமீட்டர். அடுத்தது வலது பக்கம் நான்கு, மேலே இரண்டு. மூன்றாவது கீழே ஆறு. நான்காவதும் ஐந்தாவதும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மூலைகளில்.

எல்லாம் ஒரே பக்கம் விலகியிருந்தால் மேலே பொருத்திய ஸ்கோப்பைத் திருப்பிச் சரிசெய்துவிடலாம். இது தகரக் கூரையில் தூறல் விழுந்த மாதிரி இருந்தது.

"இன்னும் கைக்கு வரல. புதுச் செருப்பு கடிக்கற மாதிரி" என்றான் மெர்வ்.

"தள்ளு, நான் பாக்கறேன்" என்றார் பாஸ்கோ. நான் பலகையில் புதுத் தாள் மாட்டிவிட்டு வந்தேன். விரலில் ஒட்டியிருந்த மீட் பையின் துகளைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். பாஸ்கோ வருடத்துக்கு நான்கு முறை சுடுவார், அதுவும் பன்றிகளை. மூன்று குண்டு சுட்டார். தொலைநோக்கியில் பார்த்தேன். புள்ளியின் வலது விளிம்பில் ஒரே ஓட்டை, சற்றே பெரிதாக.

"எங்க போச்சு மத்த ரெண்டும்?"

"மூணும் அங்கதான் இருக்கு" என்றேன்.

"அட, நான் இவ்வளவு நல்லா சுடுவேன்னு என் பொண்டாட்டிகிட்ட யாராவது சொல்லுங்கப்பா!"

அவர் மட்டும் சிரித்தார். பிறகு நான் உட்கார்ந்து இரண்டு சுட்டேன். அவருடைய ஓட்டையின் ஓரத்தை இரண்டும் கடித்தன. ஐந்து குண்டு, ஒரு கட்டைவிரல் அகலம். துப்பாக்கியில் ஒரு குறையும் இல்லை. குறையில்லை என்று எழுதுவதற்கு இதைவிடத் தெளிவான தாள் வேண்டியதில்லை. நான் அதைப் பலகையிலிருந்து எடுத்துவந்து மேசையில் வைத்தேன். மெர்வ் அதைப் பார்க்கவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் சுடும்போது கானல் நின்னுருச்சு. எனக்குத்தான் அடிச்சுது" என்றான்.

"என்ன கானல்?"

"கானல்தான். நடுவுல புள்ளி நெளியுது, குறுக்குக்கோடு ஒரு பக்கமா வளையுது. நீங்க பாக்கல?"

வெயில் காலத்தில் சுடுகிறவர்கள் எல்லோரும் பேசும் பேச்சு அது. தரையிலிருந்து சூடு கிளம்பி இலக்கை நெளிய வைக்கும். குழல் சுட்டுச் சுட்டுக் காய்ந்தால் அதன் மேலேயே சூடு எழும்பி ஸ்கோப்பின் முன் ஆடும். அப்போது கொஞ்சம் பொறுத்து, அது நிற்கும் கணம் பார்த்துச் சுட வேண்டும். ஆனால் அன்று நாங்கள் பேசியபோது வாயிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. நான் கையுறையைக் கழற்றிக் குழலின் மேல் உள்ளங்கையை வைத்தேன். வெதுவெதுப்புகூட இல்லை.

"மெர்வ், புல்லுல இன்னும் பனி கிடக்கு."

"தெரியுது. இந்த வருசம் அப்படித்தான் இருக்கு. ஏப்ரல்லேர்ந்தே கானல் ஜாஸ்தி."

"ராத்திரியிலயுமா?" என்று கேட்டேன். கங்காரு சுடுவது இருட்டில், விளக்கு வெளிச்சத்தில்.

"ராத்திரியிலயும்தான்" என்று சொல்லிவிட்டு நிறுத்தினான். சொன்னதைத் தானே கேட்டுவிட்டான் என்பது முகத்தில் தெரிந்தது. பாஸ்கோ மென்று கொண்டிருந்ததை நிறுத்தினார்.

நான் தாள் அடுக்கிலிருந்து ஒரு புதுத் தாளை உருவி அவன் முகத்துக்கு நேரே, ஒரு கை தூரத்தில் பிடித்தேன்.

"இடது கண்ணை மூடு. நடுப்புள்ளியை மட்டும் பாரு. கோடெல்லாம் எப்படி இருக்கு?"

"விளையாடறியா?"

"சொல்லு."

அவன் கண்ணை மூடிப் பார்த்தான். நேரம் எடுத்தான்.

"அச்சு சரியில்ல. நடுவுல கட்டமெல்லாம் நசுங்கி இருக்கு. யாரோ விரலால அமுக்கின மாதிரி."

"இப்ப வலது கண்ணை மூடு."

மூடினான். நான் தாளை அசைக்கவில்லை. வேலிக்கு அப்பால் கலா கிளிகள் கூட்டமாகக் கத்திவிட்டுப் போயின. அவன் மறுபடி கண்ணை மாற்றி மூடினான், மறுபடி. நான்கு முறை மாற்றியிருப்பான். பிறகு தாளை என் கையிலிருந்து வாங்கி, மேசையில் குப்புறக் கவிழ்த்து வைத்தான்.

"அவ பார்க்கச் சொன்னா" என்றான். அவன் மனைவி ஷிர்லியைச் சொன்னான். "வேலிக் கம்பம் ஏன் வளைஞ்சிருக்குன்னு கேட்டேன், கம்பம் நேராத்தான் இருக்கு, நீ சார்ல்வில் டவுனுக்குப் போய்க் கண்ணைக் காட்டுன்னா. நான், வெயில்டின்னேன்."

பாஸ்கோதான் முதலில் வாயைத் திறந்தார். மோசமான மனிதர் இல்லை அவர். அந்த வட்டாரத்தில் அவரிடம் சுட்டுக் கொடுப்பவர்கள் மூன்றே பேர், அதில் ஒருவன் மெர்வ்.

"நோலீன், இந்தா இருக்கில்ல ஒரு தாளு" என்று மேசையிலிருந்த ஒற்றை ஓட்டைத் தாளைக் காட்டினார். "அஞ்சு குண்டு. துப்பாக்கி அவனுது. இங்க இருக்கறது நாம மூணு பேரு. மெர்வ் பேரை எழுதிக் கையெழுத்தைப் போடுங்க. அவன் டாக்டரைப் பாக்கட்டும், மருந்து போடட்டும். அதுவரைக்கும் கொஞ்சம் கிட்டக்கப் போய்ச் சுடட்டும்."

மெர்வ் என்னைப் பார்த்தான். "நாலு மாசம் போதும் நோலீன், அதுக்குள்ள கண்ணைச் சரி பண்ணிடறேன். நாப்பத்திரண்டு வருசத்துல நான் உன்கிட்ட ஒண்ணும் கேட்டதில்ல."

உண்மைதான். கேட்டதில்லை. என் கணவர் இறந்த வருடம் என் நிலத்து வேலி முழுக்கப் போட்டுக் கொடுத்துவிட்டு ஒரு தேநீர்தான் குடித்தான். நான் பேனாவை எடுத்துவிட்டேன். இதை மறைக்கப் போவதில்லை. மூடியைக் கழற்றி, தாளின் மேல் அவன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டேன்.

அப்போது எனக்கு நினைவு வந்தது அந்தப் பெண் கங்காரு. மூன்று வாரத்துக்கு முன் என் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியருகே நின்றிருந்தது. கீழ்த்தாடையைக் குண்டு கொண்டுபோயிருந்தது. தோலும் எலும்புமாக இருந்ததால் பல நாள் அலைந்திருக்க வேண்டும். தண்ணீரில் முகத்தை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தது. என்னைக் கண்டு ஓடக்கூட இல்லை. நானே முடித்தேன். பைக்குள் உயிரோடு இருந்த குட்டியையும் முடித்தேன். யாரோ வெளியூர்க்காரன் வேலை என்று அன்று மாலை ஷிர்லியிடமே போனில் திட்டித் தீர்த்தேன்.

"மெர்வ், கிடங்குக்கு வந்து திரும்பினது பதினொண்ணு. பட்டுட்டு ஓடிப் போனது எத்தனை?"

அவன் குப்புறக் கிடந்த தாளின் ஓரத்தை மேசை விளிம்போடு சேர்த்து நேராக்கினான்.

"தேடிப் போனியா?"

காயம்பட்டதைத் தேடி முடிக்காமல் அடுத்ததைக் குறிவைக்கக் கூடாது. அது படிவத்தில் இருக்கும் விதி என்பதால் அல்ல. மெர்வ் ஒருமுறை ஒரே கங்காருவுக்காக விடியும்வரை நடந்திருக்கிறான். எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"ஆரம்பத்துல போனேன்" என்றான்.

"அப்புறம்?"

"எங்க போகுதுன்னு தெரியல நோலீன். வெளிச்சத்தைத் தாண்டிருச்சுன்னா எனக்கு எல்லாமே ஒரே கலங்கல். இறங்கி நடந்தா வண்டியே எங்க நிக்குதுன்னு தேட வேண்டியிருக்கு. அடுத்ததைச் சுட்டேன்."

பாஸ்கோ எழுந்து வேலிப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

நான் அந்தத் தாளை இரண்டாகக் கிழித்தேன். படிவத்தை எடுத்து, தேதி, நேரம், தூரம், துப்பாக்கியின் எண் எல்லாவற்றையும் எழுதி, 'தேறவில்லை' என்ற கட்டத்தில் குறி போட்டேன். அவன் கையெழுத்துக்காக நகர்த்தினேன். அவன் படிவத்தை இடது பக்கமாகச் சாய்த்துப் பிடித்துப் படித்தான்.

"காரணம்னு ஒரு வரி இருக்கே. அதை ஏன் காலியா விட்டிருக்க?"

"காலியா இருந்தா மூணு மாசத்துல மறுபடி சோதனைக்கு வரலாம். கண்ணுன்னு எழுதினா லைசென்ஸ் ஆபீசுக்குப் போகும். டாக்டர் சர்டிபிகேட் இல்லாம ஒரு துப்பாக்கியும் வச்சுக்க முடியாது. திரும்பக் கிடைக்காமலேகூடப் போகலாம்."

"காலியா விட்டா என்ன நினைப்பானுங்க? மெர்வ் டானஹருக்குச் சுடத் தெரியலன்னு நினைப்பானுங்க."

"நினைச்சா நினைக்கட்டும்."

"இல்ல." நெடுநேரம் இலக்குப் பலகைகளின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். எந்தக் கண்ணால் பார்த்தானோ. "மூணு மாசம் கழிச்சு நான் வருவேன், நோலீன். எனக்கு என்னைத் தெரியும். ஏதாவது சாக்கு சொல்லிக்கிட்டு வருவேன். கண்ணுன்னு எழுது."

எழுதினேன். 'வலது கண் பார்வைக் கோளாறு.' நான்கே சொல். அவன் கீழே கையெழுத்திட்டான்.

பாஸ்கோ திரும்பி வந்து, "வா, நான் கொண்டுபோய் விடறேன்" என்றார்.

"வரும்போது நான்தானே ஓட்டிக்கிட்டு வந்தேன்?"

பாஸ்கோ தன் வண்டிப் பக்கம் தலையசைத்தார். மெர்வ் தன் வண்டிச் சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தான். துப்பாக்கியை ஒருமுறை முழுக்கத் துடைத்து, போல்ட்டைக் கழற்றி, உறையில் போட்டு, பாஸ்கோவின் வண்டிக்கு எடுத்துப் போகாமல் என்னிடம் நீட்டினான்.

"கிளப் துப்பாக்கிப் பெட்டியில பூட்டி வை. வீட்டுல வேணாம்."

"எவ்வளவு நாளைக்கு?"

"நான் கேக்கற வரைக்கும்."

நான் வாங்கிக்கொண்டேன். உறையின் கனம் கையை இழுத்தது.

"சீக்கிரமாக் கேட்டேன்னா," என்றான், "குடுக்காத."