மூன்று வாளிக் கத்தாழை

“மேல நீங்க ஊத்துற தண்ணியெல்லாம் என் பட்டறைக்குள்ள சொட்டுதுங்க டெய்லரம்மா. கொலுசுக்குப் பத்தவெக்கிற ஆளுங்களைக் கொடை புடிச்சுட்டு உக்காரச் சொல்றீங்களா?”

வீட்டு ஓனர் குழந்தைவேல் இதை மூன்றாவது தடவையாகச் சொன்னபோது செவ்வாய்ப்பேட்டையின் அந்தச் சந்தில் பாதிப் பேர் வாசலுக்கு வந்திருந்தார்கள். மீதிப் பேர் ஜன்னலோடு நிறுத்திக்கொண்டது மரியாதைக்காக.

மாடிப்படியில் நின்ற மரியபுஷ்பம் இரண்டு படி இறங்கிவந்தாள்.

“கீழ உங்க பட்டறை. அதுக்கு மேல நான் குடியிருக்குற ஊடு. அதுக்கும் மேலதான் மொட்டை மாடி. மாடித் தண்ணி என் ஊட்டைத் தாண்டிக் குதிச்சு உங்க பட்டறையில வந்து சொட்டுதுங்களா? என் தலைக்கு மேல தளம் காஞ்சு கெடக்குது, வந்து தொட்டுப் பாருங்க.”

சந்து சிரித்துவிட்டது. அங்கேதான் காரியம் கெட்டது. தன் பேச்சு தப்பு என்று யாராவது சொன்னால் குழந்தைவேல் பொறுத்துக்கொள்வார், சிரித்தால் மாட்டார்.

“ஞாயித்துக்கிழமைக்குள்ள மாடியில ஒண்ணு இருக்கக் கூடாது. வாளி, சாக்கு, டப்பா, எதுவா இருந்தாலுஞ் சரி. இருந்தா நானே தூக்கித் தெருவுல வீசுவேன்.”

“ஒண்ணுகூடவா?”

“ஒண்ணுகூட.”

“உங்க தம்பி நிக்கிறாரு. அவரு முன்னால சொல்லுங்க.”

“எவன் முன்னால வேணும்னாலும் சொல்றேன். ஒண்ணுகூட.”

பட்டறையில் சரிபாதிக் கூட்டாளியான தம்பி கதிர்வேல், நிலையில் சாய்ந்தபடி, வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை.

தண்ணீர் எங்கிருந்து சொட்டியது என்பது சந்துக்கே தெரியும். குளியலறைக் குழாயில் விரிசல். பிளம்பர் வந்து பார்த்துவிட்டு ஓனரிடம் சொன்னார். போகிற வழியில் டீக்கடையிலும் சொன்னார். மாடியில் தகரக் கொட்டகை போட்டுப் பார்சல் கம்பெனிக்கு வாடகைக்கு விட ஏற்பாடு நடப்பதும், அளவெடுக்க வெல்டிங்காரர் வந்து போனதும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதை நேராகச் சொல்லியிருந்தால் இவ்வளவு கத்தல் இல்லை. மாடியைக் காலி செய்யச் சொல்வதுமல்லாமல் நம் தக்காளிச் செடி மேல் பழியும் போடுகிறானே என்பதுதான் மரியபுஷ்பத்தின் வயிற்றெரிச்சல்.

நான்கு வருஷத் தோட்டம். எழுபத்தாறு தொட்டி. தொட்டி என்பது மரியாதைக்குச் சொல்வது. பெயின்டர்களிடம் கேட்டு வாங்கிய காலி வாளி, மீன் மார்க்கெட்டில் தூக்கிப்போட்ட தெர்மாகோல் பெட்டி, சிமென்ட் சாக்கு, மூடியில்லாத குக்கர். கரும்பு ஜூஸ் வண்டியின் சக்கையும், காய்கறித் தோலும், காய்ந்த இலையும் ஓட்டை போட்ட டிரம்மில் மக்கி உரமாகும். அரிசி கழுவிய தண்ணீர் ஒரு சொட்டுச் சாக்கடைக்குப் போகாது. கொலுசு மெருகேற்றப் பட்டறைக்கு வரும் பூந்திக்கொட்டையில் உடைந்ததைக் கேட்டு வாங்கி, ஊறவைத்து, வெள்ளைப்பூச்சிக்குத் தெளிப்பாள். காசு கொடுத்து வாங்கியது விதை மட்டும், அதுவும் முதல் வருஷம் மட்டும். பாகற்காய் மிஞ்சினால் ஓனர் வீட்டுக்கும் போகும். ஓனர் வீட்டில் அதை வேண்டாமென்று சொன்னதாகத் தகவல் இல்லை.

அந்த எழுபத்தாறோடு சேராத மூன்று வாளிகளும் மாடியில் இருந்தன. இரண்டு வருஷத்துக்கு முன் ஒன்றும், பிறகு இரண்டுமாகக் குழந்தைவேலே, வேட்டியை மடித்துக் கட்டி, மூச்சிரைக்கத் தூக்கிவந்து டிரம்முக்குப் பின்னால் வைத்தவை. மூன்றிலும் சோற்றுக் கத்தாழை. ஓனருக்கும் செடி ஆசை வந்துவிட்டது என்று மரியபுஷ்பம் அப்போது சந்தோஷப்பட்டது இன்று நினைத்தால் அவளுக்கே ஆத்திரமாக வருகிறது. கறுப்பான, பொடியான, செத்த மண். கத்தாழை போட்ட நாலு இலையோடு நின்றது. கொஞ்சம் உரம் கலக்கட்டுமா என்று அவள் ஒருநாள் கேட்டதற்கு, “மண்ணுல மட்டும் கை வெச்சுறாதீங்க” என்று பதறினார். தண்ணீர் மட்டும் ஒருநாளும் ஊற்றியதில்லை. ஊற்றியது அவள்தான்.

சனிக்கிழமை காலை குழந்தைவேல் குடும்பத்தோடு பரமத்தி வேலூருக்குக் காதுகுத்துக்குப் போய்விட்டார். ஞாயிறு சாயங்காலம் திரும்பியதும் தன் வாளிகளை எடுத்து வைத்துக்கொள்ளலாம், அதுவரை இந்தம்மா அழுதுகொண்டிருக்கும் என்பது அவர் கணக்கு. மரியபுஷ்பம் அழுகிற ரகம் இல்லை. கணவர் உபகாரசாமி லாரியில் நாக்பூர் தாண்டிப் போயிருந்தார்; போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு “விட்டுத் தள்ளு” என்றார். அதற்கும் சேர்த்துக் கோபம் ஏறியது.

ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் நின்று, செடி வேணுங்கிறவர்கள் மத்தியானத்துக்குள் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவித்துவிட்டாள். மகள் அக்சிலியா வெட்கத்தில் முக்காட்டை இழுத்துக்கொண்டாள். சும்மா என்றதும் யார் நிற்பார்கள்? மொபெட்டில் வந்தார்கள், ஆட்டோவில் வந்தார்கள், சந்துக்காரர்கள் தலையிலேயே தூக்கினார்கள். மரியபுஷ்பம் ஒவ்வொரு தொட்டியையும் ஒரு திட்டோடுதான் கொடுத்தாள். உச்சி வெயிலில் ஊற்றித் தொலைக்காதே. கீரையை வேரோடு பிடுங்காமல் இரண்டு விரல்கடை விட்டு அறு. சோப்புத் தண்ணி ஊற்றினது தெரிந்தால் வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவேன். மிளகாய்ச் செடி வாங்கிப்போன ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனாள்.

கடைசியில் அந்த மூன்றும் நின்றன.

“அம்மா, அது ஓனரோடது” என்றாள் அக்சிலியா.

“ஒண்ணுகூட இருக்கக் கூடாதுன்னு மூணு தடவை சொன்னாரு. மனுசன் பேச்சுக்கு மரியாதை வேண்டாமா?”

ஒன்று நாலு வீடு தள்ளியிருக்கும் மார்ட்டினுக்குப் போனது. ஒன்று முனையில் கீரை விற்கும் குஞ்சம்மாளுக்கு. மூன்றாவதை மோட்டார் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கும் ஆண்ட்ரூஸ் தூக்கினான். சொந்த ஊர் தம்மம்பட்டி. “ஏனுங்கம்மா, இது மண்ணுங்களா இரும்புங்களா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு அக்சிலியாவைப் பார்த்தான்.

சாயங்காலம் குழந்தைவேல் வந்தார். வீட்டுக்குள்கூட நுழையாமல் நேராக மாடிக்குப் போனார். மரியபுஷ்பம் கையைக் கட்டிக்கொண்டு தன் வாசலில் காத்திருந்தாள். பகல் முழுக்க ஒவ்வொரு வார்த்தையாகத் தீட்டி வைத்திருந்தாள். இறங்கிவந்தவர் கத்தவில்லை.

“கத்தாழை எங்கீங்க?”

குரல் அவ்வளவு சன்னமாக இருந்தது அவளுக்கு ஏமாற்றம். “ஒண்ணுகூடக் கூடாதுன்னீங்க.”

“அது என்னோடதுங்க.”

“எழுபத்தாறு என்னோடதுங்க. அது எங்கேன்னு கேக்கலையே நீங்க.”

யாருக்குக் கொடுத்தாள் என்று அவள் சொல்லவில்லை. இரண்டு பேரைச் சந்து சொன்னது. குஞ்சம்மாள் வாளியை அப்படியே திருப்பிக் கொடுத்தாள். மார்ட்டின் பொறுப்பான ஆள். வாளி வந்த கையோடு கத்தாழையைப் பிடுங்கி வேறு சட்டியில் நட்டு, அந்த மண்ணைச் சாணியோடு பிசைந்து தன் பதினோரு தொட்டிக்கும் பகிர்ந்துவிட்டிருந்தார். வாசலில் விழுந்த பேப்பரைக்கூடக் குனிந்து எடுக்காத குழந்தைவேல், மார்ட்டின் வீட்டு வாசலில் குந்தி உட்கார்ந்து, பெட்ஷீட்டை விரித்து, ஒவ்வொரு தொட்டியாகச் சாணியை வழித்துக் கொட்டினார். சந்து கூடி நின்று வேடிக்கை பார்த்தது.

டீ குடித்துவிட்டு வந்த கதிர்வேலும் பார்த்தார். ஒரு பிடி அள்ளினார். மார்ட்டினிடம் ஒரு மக்கு தண்ணீர் வாங்கி, மண்ணைப் போட்டு, சுழற்றிச் சுழற்றி மேல் தண்ணீரை இறுத்தார். அடியில் மினுக்கென்றது.

வெள்ளிப் பட்டறையில் தரையைப் பெருக்கிய மண்ணை யாரும் குப்பையில் கொட்டுவதில்லை. அரம் போடும்போது உதிர்கிற தூள் அதில் இருக்கும். வருஷம் முழுக்கச் சேர்த்து, உருக்கிப் பிரிக்கிறவர்களிடம் கொடுத்து, வருகிற வெள்ளியை அண்ணனும் தம்பியும் பாதிப் பாதி எடுப்பார்கள். இரண்டு வருஷமாக மண்ணில் ஒன்றும் தேறவில்லை என்று அண்ணன் சொல்லியிருந்தார். தம்பி நம்பியிருந்தார்.

வாயைத் திறக்காத கதிர்வேல் அன்றைக்குத் திறந்தார். அண்ணனின் கல்யாணத்தில் தொடங்கி அப்பாவின் கருமாதி வரை ஒன்றும் பாக்கியில்லை. குழந்தைவேல் முதலில் அது வெறும் செடி மண் என்றார். பிறகு ஒரே ஒரு வாளிதான் என்றார். கதிர்வேல் விறுவிறுவென்று படியேறி மரியபுஷ்பத்திடம் வந்தார்.

“அக்கா, நீங்க சொல்லுங்க. எத்தனை வாளி?”

அவர் தோளுக்குப் பின்னால் குழந்தைவேல் நின்றார். முழங்கை வரை சாணி. ஒன்று என்று சொல்லிவிடுங்கள், மாடியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று கண்ணாலேயே பேரம் பேசினார். மரியபுஷ்பத்துக்குப் புரியாமல் இல்லை. மூன்று நாளாக நெஞ்சில் கொதித்தது அந்தக் கண்ணைப் பார்த்ததும் இன்னும் ஒரு படி மேலே ஏறியது.

“மூணு” என்றாள். “ரெண்டு வருசமா. கூறுகெட்டவ, நான்தான் தண்ணி ஊத்துனேன்.”

கூட்டு அத்தோடு உடைந்தது. பாகம் பிரித்ததில் கட்டடமும் பட்டறையும் தம்பிக்கு ஆயின. கொட்டகைப் பேச்சு அப்படியே நின்றது. மாடியில் மறுபடி செடி வைத்துக்கொள்ளச் சொல்லிக் கதிர்வேல் தன்மையாகத்தான் கேட்டார். கொடுத்தவர்களிடம் வாங்கித் தரட்டுமா என்றும் கேட்டார்.

“குடுத்ததைத் திருப்பிக் கேக்குற பழக்கம் உங்க அண்ணனுக்குத்தான்” என்று கதவைச் சாத்தினாள்.

இப்போது அந்தச் சந்தில் முப்பது மாடியில் பச்சை தெரிகிறது. மொட்டையாகக் கிடப்பது அவள் மாடி ஒன்றுதான். சாயங்காலம் அங்கே நின்றுகொண்டு, வெண்டைக்குத் தண்ணி காட்டவில்லையா என்று மார்ட்டினையும், கொடிக்குப் பந்தல் எங்கே என்று எதிர்வீட்டையும் சுற்றிச்சுற்றித் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

குழந்தைவேல் பொங்கலுக்கு முன்பே மச்சினனை அண்டிப் பரமத்தி வேலூருக்குக் குடிபோய்விட்டார். மூன்றாவது வாளி யாரிடம் போனதென்று கடைசிவரை அவருக்குத் தெரியவில்லை. கேட்டபோது, மொபெட்டில் வந்த யாரோ என்றாள் மரியபுஷ்பம். அந்த யாரோவின் போன் நம்பர் அக்சிலியாவிடம் இருந்தது. ஈஸ்டர் கழிந்து இருவருக்கும் கல்யாணம் ஆகி, தம்மம்பட்டிக்குப் போய்விட்டார்கள். அங்கே கத்தாழை இப்போது பக்கக்கன்று விட்டிருக்கிறதாம். மண்ணை மாற்றினார்களா என்று சந்தில் ஒருவரும் நேராகக் கேட்கவில்லை. கல்யாணத்தன்று பெண்ணின் காலில் கிடந்த கொலுசு, டெய்லரம்மா வசதிக்குக் கொஞ்சம் கனமாகத் தெரிகிறதே என்று மட்டும் பேசிக்கொண்டோம்.