இனிப்பு ஒருத்திக்கு, கசப்பு ஒருத்திக்கு

1

இந்தக் கதை எனக்கு ஒரு சிரிப்புத் துணுக்காகத்தான் கிடைத்தது. ஒரு பணிஓய்வு விருந்து. கை கழுவும் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற மருந்துக் கம்பெனி அதிகாரி ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "எச்.ஐ.வி. இருக்கற பிள்ளைங்களுக்கு ஒரு மருந்துச் சோதனை நடத்தினோம். ஒரு அம்மா தன்னோட ரெண்டு பிள்ளைங்க மருந்தையும் மாத்தி மாத்திக் குடுத்திருக்கா. அது ஏதோ மிட்டாய்னு நெனப்பு போல." இருவரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அம்மாவுக்கு அப்படி ஒரு நினைப்பு இருந்திருக்காது என்று அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. அவரிடம் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாய்ச்சண்டையில் முடிந்திருக்கும். ஆகவே இனி வருவதெல்லாம் கற்பனை. கோபம் மட்டும் கற்பனை இல்லை.

2

முதல் தொடக்கம்: "மருத்துவமனையின் நீண்ட நடைக்கூடத்தில் பினாயில் வாசனை—"

வேண்டாம். மருத்துவமனைக் கதை என்றாலே எழுத்தாளர்கள் பினாயில் ஊற்றாமல் உள்ளே போகமாட்டார்கள்.

இரண்டாம் தொடக்கம்: "அவளுடைய கணவன் இறந்த பிறகுதான் அவளுக்கு—"

இதுவும் வேண்டாம். இப்படித் தொடங்கினால் நீங்கள் முதலில் கேட்கப்போவது எனக்குத் தெரியும். எப்படி வந்தது, யாரிடமிருந்து யாருக்கு வந்தது? சர்க்கரை வியாதிக்காரரிடம் யாரும் இந்தக் குறுக்கு விசாரணை நடத்துவதில்லை. இரண்டு பெண் குழந்தைகளுக்கும் பிறப்பிலேயே வந்துவிட்டது, அவர்களுடைய அப்பா இப்போது இல்லை. இதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது, நீங்கள் தலைகீழாக நின்றாலும்.

மூன்றாம் தொடக்கம். இதையே வைத்துக்கொள்கிறேன்: "காலையில் வாண்டு கட்டிலுக்கு அடியில் இருந்தாள்."

3

வாண்டுக்கு ஐந்து வயது. சுவரோடு ஒட்டிக்கொண்டு, இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கட்டிலுக்கு வெளியே அவளுடைய அம்மா மூன்று சிரப் பாட்டில்களோடு தரையில் மண்டியிட்டிருந்தாள். அம்மாவுக்கு ஒரு பெரிய விடுதியின் சலவைக்கூடத்தில் வேலை. படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டு மடிக்க வேண்டும். தாமதமாகப் போனால் மேற்பார்வையாளர் வாயைத் திறப்பார். அது பினாயிலைவிட மோசம்.

"வெளிய வாடி கண்ணு. மூக்கைப் பிடிச்சுக்கிட்டு மூணே மடக்கு."

"அக்காவுக்கு மட்டும் ஆரஞ்சு."

அக்காவான பெரியவளுக்கு ஏழு வயது. மேசையருகே நின்று, தன் டம்ளரில் மாத்திரை கரைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மருந்துகளும் அந்த ஒரே மாத்திரைக்குள் இருந்தன. தண்ணீரில் போட்டால் கரைந்து ஆரஞ்சு வாசனை அடிக்கும். அதைக் குடிக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. தங்கைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குடித்தாள்.

வாண்டு குடித்தாள், வாந்தி எடுத்தாள். அம்மா தரையைத் துடைத்துவிட்டு மறுபடி ஊற்றினாள். மாலையிலும் இதே கூத்து.

(இங்கே கதையை நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். கதை கெட்டுப்போகும் என்றால் போகட்டும். பெரியவர்களுக்கு மூன்று மருந்தும் சேர்ந்த மாத்திரை எப்போதோ வந்துவிட்டது. குழந்தைகளுக்கு அதைக் கத்தியால் உடைத்துக் கொடுத்தார்கள், இல்லாவிட்டால் இந்தக் கசப்புச் சிரப். ஏனென்றால் பணமுள்ள நாடுகளில் இந்த நோயோடு பிறக்கும் குழந்தைகள் அநேகமாக இல்லை. வாங்க ஆளில்லாத சரக்கை யார் செய்வார்கள்? ஏழைப் பிள்ளைகள் என்பதால் காத்திருக்க வைத்தார்கள். காத்திருந்ததில் பல பிள்ளைகள் செத்துப்போயின. இதை அழகாகச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.)

கடைசியில் குழந்தைகளுக்கென்று ஒரு மாத்திரை வந்தது. அதைச் சோதிக்க வேண்டும். ஒரு குழுவுக்குப் புது மாத்திரை, இன்னொரு குழுவுக்கு அதே மூன்று மருந்துகள் தனித்தனிச் சிரப்பாக. யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப்போடும். அப்படித்தான் பெரியவளுக்கு மாத்திரையும் வாண்டுக்குச் சிரப்பும் விழுந்தன. அதில் குற்றம் சொல்லமாட்டேன். ஆள் பார்த்துக் கொடுத்தால் சோதனையே பாழ். ஆனால் ஒரே வீட்டுப் பிள்ளைகளை ஒரே குழுவில் போட வேண்டும் என்று, விதி எழுதிய அத்தனை பேரில் ஒருவருக்குக்கூடவா தோன்றவில்லை? எல்லோருமே கூடப்பிறந்தவர் இல்லாத ஒற்றைப் பிள்ளைகளா?

4

அம்மா தானே ஒரு வழி கண்டுபிடித்தாள். இரண்டு பேரும் எடையில் ஏறக்குறைய ஒன்று, மருந்தின் அளவும் ஒன்றுதான் என்று மருத்துவமனை நர்ஸ் சொல்லியிருந்தாள். அப்படியென்றால் என்ன கஷ்டம்? ஒரு நாள் மாத்திரை வாண்டுக்கு, சிரப் பெரியவளுக்கு. மறுநாள் நேர்மாறாக.

பெரியவள் முதல் தடவை சிரப்பைக் குடித்துவிட்டு, கண்ணில் நீரோடு தங்கையைப் பார்த்து, "அவ்வளவு ஒண்ணும் கசக்கல" என்று பொய் சொன்னாள். வாண்டு கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். கசப்பு நாளிலும் வந்தாள். மறுநாள் இனிப்பு என்று தெரிந்தால் யாருக்கும் இன்றைய கசப்பு கொஞ்சம் இறங்கும்.

இரண்டு பேரின் ரத்தப் பரிசோதனையும் நன்றாக வந்தது. வாண்டின் கன்னம் உப்பியது. அம்மாவுக்குத் தன் யோசனை மேல் பெருமை. நர்ஸ் மெச்சுவாள் என்று நினைத்துத்தான் அவளிடம் சொன்னாள்.

"இப்பல்லாம் இவ அழறதே இல்லையே. என்ன மந்திரம் போட்டீங்க?" என்று நர்ஸ் கேட்டாள்.

"மந்திரமும் இல்ல, ஒண்ணும் இல்ல சிஸ்டர். ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாத்திக் குடுக்கறேன். ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்புன்னு வெச்சா பிள்ளைங்க மனசு என்ன ஆகும்?"

நர்ஸ் கையிலிருந்த ஊசியைத் தட்டில் வைத்துவிட்டாள். "கொஞ்சம் உக்காருங்க. டாக்டரைப் பாத்துட்டு வந்துடறேன்" என்றாள்.

5

இந்த டாக்டரைக் கெட்டவராக எழுதத்தான் உட்கார்ந்தேன். [வழவழவென்று சவரம் செய்த முகம், பிள்ளைகளைத் தொட்டதும் கை கழுவும் பழக்கம்—] என்பது வரைக்கும் எழுதினேன். அவர் ஒத்துழைக்கவில்லை. இந்தச் சோதனைக்காகப் பல வருடங்கள் வாசல் வாசலாக ஏறி இறங்கியவரே அவர்தான். என் கோபத்துக்கு அந்த அறையில் ஆள் கிடைக்கவில்லை. அதனால் அது இன்னும் அதிகமாகிவிட்டது.

பிள்ளைகளை நர்ஸ் எடை பார்க்க அழைத்துப் போயிருந்தாள். அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"ரெண்டு பேருக்கும் ரத்தம் நல்லா இருக்கும்மா. ஆனா எந்த மருந்தால நல்லா இருக்குன்னு இனிமே நான் எப்படிச் சொல்லுவேன்?"

"ரெண்டாலயும்னு சொல்லுங்க சார்."

"அப்படி எழுத முடியாது. அவங்கவங்க மருந்தை அவங்கவங்களுக்குத்தான் குடுக்கணும்னு சொல்லியிருந்தோமே."

"வெளியாளுங்க பிள்ளைக்குக் குடுத்துடக் கூடாதுன்னு நெனச்சேன். இது அவ கூடப் பொறந்தவ."

"கம்ப்யூட்டர் போட்ட சீட்டும்மா அது. அதுல யாரும் கை வைக்க முடியாது."

"அந்தக் கம்ப்யூட்டருக்கு எத்தனை பிள்ளைங்க சார்?"

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு சொன்னார். விதிப்படி இரண்டு பேரையும் சோதனையிலிருந்து எடுத்துவிட வேண்டும். எடுத்துவிட்டால் மாத்திரையும் இல்லை, சிரப்பும் இல்லை. இரண்டுமே சோதனைக்காக வருகிறவை. மறுபடி பெரியவர்கள் மாத்திரையை உடைப்பதுதான் வழி.

அந்த உடைப்பு அவளுக்குத் தெரியும். எவ்வளவு பார்த்து உடைத்தாலும் ஒரு துண்டில் மருந்து கூடும், ஒரு துண்டில் குறையும். அப்படிக் கொடுத்த காலத்தில்தான் பெரியவள் காய்ச்சலில் விழுந்து, எலும்பும் தோலுமாகி, பிழைத்து வந்தாள். அம்மா முந்தானையைக் கையில் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள்.

"ஒண்ணு பண்ணலாம்," என்றார் டாக்டர். "இனிமே மாத்த மாட்டேன்னு எனக்குச் சொல்லுங்க. தெரியாம நடந்ததுன்னு மேல எழுதி நான் போராடிப் பாக்கறேன். ஆனா நெஜமாவே மாத்தக் கூடாது. இது கெட்டுப்போச்சுன்னா மத்த பிள்ளைங்களுக்கும் அந்த மாத்திரை இப்போதைக்கு வராது."

6

இங்கே மாட்டிக்கொண்டேன். மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அவள் வாக்குக் கொடுக்கிறாள், காப்பாற்றுகிறாள். வாண்டு திரும்பவும் கட்டிலுக்கு அடியில் போகிறாள். மருந்து பாதி வாயிலும் பாதி தரையிலுமாக... இதற்குமேல் எழுதக் கை ஓடவில்லை.

அவள் வாக்குக் கொடுத்துவிட்டு, வீட்டில் பழையபடி மாற்றிக் கொடுக்கிறாள். சோதனையின் முடிவில் இரண்டு பொய்கள் கலக்கின்றன. எங்கோ இருக்கிற இன்னொரு வீட்டுக் குழந்தைக்கு அந்தப் பொய் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது.

அவள் மறுக்கிறாள். வாசகர்கள் கைதட்டுவார்கள். கைதட்டிவிட்டு நீங்கள் போய்விடுவீர்கள், கத்தியால் மாத்திரையை உடைக்கப்போவது அவள்.

மூன்றையும் கிழித்துப்போட்டேன். நடந்தது இதுதான்:

"சரி சார். மாத்த மாட்டேன்," என்றாள். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

டாக்டர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார். அவள் எழுந்து கதவைத் திறந்தாள். எடை பார்த்துவிட்டு இரண்டு பேரும் வெளியே நின்றிருந்தார்கள். வாண்டு பெரியவளின் கையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். பெரியவள் நிமிர்ந்து, எப்போதும்போல உரக்கக் கேட்டாள்.

"அம்மா, நாளைக்கு ஆரஞ்சு எனக்கா, வாண்டுக்கா?"

அறைக்குள் பேனா நின்றது. டாக்டர் தலையைத் தூக்கவில்லை. காத்திருந்தார்.

அம்மா பதில் சொல்ல வேண்டும். அவர் காதுபடச் சொல்ல வேண்டும். நான் அவளுக்காக எழுதிய பதில்களையெல்லாம் அடித்துவிட்டேன். எதை எழுதினாலும் ஒரு குழந்தையை விட்டுக்கொடுத்ததாகிறது, அந்தப் பாவத்தை அவள் வாயால் சொல்லவைக்க எனக்கு மனமில்லை. அவளை இந்த வாசலில் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் யாரும் இங்கே இல்லை. அவர்கள் இருந்தால் இழுத்து வந்து முன்னால் நிறுத்தியிருப்பேன்.

நீங்கள் இருக்கிறீர்கள், இவ்வளவு தூரம் படித்தும் விட்டீர்கள். பெரியவள் முகத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். கொஞ்சம் குனிந்து, அவள் கண்ணைப் பார்த்து, நீங்களே சொல்லுங்கள்.