இருபதுக்குக் கீழே மட்டும்

வேதசிரோமணி சார் கேட்டது ஒன்றுதான். அறுபதுகளில் வந்த அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் எப்படி இருந்ததோ, நாங்கள் செய்து தரும் நகலும் அப்படியே இருக்க வேண்டும். அவர் மனைவி தபீதாள் டீச்சர் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெறுகிறார். அவருக்கான பரிசு அது. கல்லூரி விடுதியில் இருந்தபோது, காலண்டரிலிருந்து அந்தக் காரின் படத்தை வெட்டித் தன் டிரங்குப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டி வைத்திருந்தாராம்.

எங்கள் பட்டறை சிங்கப்பெருமாள் கோவிலில் இருக்கிறது. தினகரன் அண்ணாவுடையது. வெளியே ஃபைபர் பாடி, உள்ளே புது என்ஜின். நான் இயற்பியல் படித்துவிட்டு அங்கே வயரிங் வேலை பார்க்கிறேன். கண்ணுக்குத் தெரியாத எதையும் புதிதாகப் போட அண்ணா சம்மதிப்பார். ஓட்டுபவரின் கைக்குத் தெரிகிற எதையும் மாற்ற விடமாட்டார்.

"ஸ்டியரிங்குக்கு ஒரு சின்ன மோட்டார் வைக்கலாம்ணா," என்றேன்.

"இன்னாது?"

கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு முறை சொன்னேன்.

"பவர் ஸ்டியரிங்கா? அதுக்கு ஷோரூம்ல போய் ஒரு வண்டி எட்த்துகினு போலாமே. பழைய வண்டின்னா கை வலிக்கணும்மா. அதான் அதோட குணம்."

நான் வயர் சீவப் போய்விட்டேன்.

சார் அளவு கொடுக்க வந்தார். ஆறடி மனிதர். ஓட்டுநர் சீட்டில் உட்காரவைத்து, அவர் காலுக்கு ஏற்றபடி பெடல்களைத் தள்ளிப் பொருத்தினோம். ஸ்டியரிங்கைப் பிடித்தவர் இறங்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார். டீ ஆறிப்போனது.

வண்டி தயாரானதும் இருவரும் வந்தார்கள். டீச்சர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். முன்பக்க வளைவில் உள்ளங்கையை வைத்து, அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். சார் இடதுபக்கக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்துகொண்டார்.

"சார், நீங்க இந்தப் பக்கம்," என்றார் அண்ணா.

"இல்ல தம்பி, இதுதான் என் இடம்."

"அப்போ யாரு ஓட்டுறது?"

"தபீதாதான். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதே."

அண்ணா என்னைப் பார்த்தார். நான் பெடல்களைப் பார்த்தேன்.

"அன்னிக்கு உக்காந்து அளவு குட்த்தீங்களே சார்!"

"நீங்க உக்காருங்கன்னீங்க. நல்லா இருந்துச்சு, உக்காந்தேன்."

"கல்யாணம் ஆனதுலேருந்து கீழ்க்கட்டளையிலேருந்து தாம்பரம் சர்ச்சுக்கு இவரை நான்தான் ஏத்திக்கிட்டுப் போறேன்," என்றார் டீச்சர். "வழி மட்டும் சொல்லுவார். அதுவும் தப்பா."

டீச்சர் ஐந்தடிகூட இல்லை. முதுகுக்கு இரண்டு தலையணை வைத்த பிறகுதான் கால் பெடலைத் தொட்டது. பட்டறைச் சந்துக்குள் வண்டியைத் திருப்பப் பார்த்தார். ஸ்டியரிங் அசையவில்லை. போன வருடம் வலது தோளில் ஆபரேஷன் ஆனவர். இரண்டு கையாலும் இழுத்தார். வண்டி சந்துக்குக் குறுக்கே நின்றுவிட்டது. பின்னால் வந்த தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது.

டீச்சர் என்ஜினை அணைத்தார்.

"அழகான வண்டிங்க," என்று சாரைப் பார்த்துச் சிரித்தார். "வாசல்ல நிறுத்திப் பார்த்துக்கிட்டு இருக்கேன்."

சாரின் முகம் வாடிவிட்டது. "தம்பி, என்ன வேணாலும் மாத்துங்க. பவர் ஸ்டியரிங் போடுங்க."

"வேண்டாம்," என்றார் டீச்சர். "இப்ப வீட்ல இருக்கிற வண்டியில அது இருக்கு. ஒத்தை விரல்ல திரும்பும். ரோடு இருக்கிறதே கைக்குத் தெரியாது. இதுவும் அப்படி ஆயிட்டா எனக்கு இது எதுக்கு?"

அப்போது கம்ப்ரசர் ஓடவில்லை.

"டீச்சர்..." என்றேன். "வண்டி நிக்கும்போது..."

"சத்தமா சொல்லும்மா. கடைசி பெஞ்சுக்கும் கேக்கணும்."

"வண்டி நிக்கும்போதுதான் டயர் தரையோட உரசுது. அதான் அவ்வளவு இறுக்கம். ஓட ஆரம்பிச்சா தானா குறைஞ்சிடும். அதனால மெதுவா போறப்ப மட்டும் மோட்டார் கை குடுத்தா போதும். வேகம் இருபதைத் தாண்டினா அது விலகிக்கும். அப்புறம் நீங்களும் ரோடும்தான்."

"முடியுமா?"

"முடியும் டீச்சர்."

லாரி டிரைவர் ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். "அத்தப் போட்டுக் குடும்மா சீக்கிரம். நான் லோடு எறக்கணும்."

பெடல்களை டீச்சரின் காலுக்கு எட்டும்படி சீட்டுப் பக்கம் கொண்டுவந்தோம். பழைய இரும்புக் கடையில் கிடைத்த ஒரு சின்னக் காரின் ஸ்டியரிங் மோட்டாரைத் துடைத்து, வட்ட மீட்டர்களுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். அது இருபதில் சட்டென்று விலகினால் கை உதறும். பதினைந்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக விலகும்படி செய்ய வேண்டியிருந்தது. பல நாள் சரிவரவில்லை. ஒருநாள் அண்ணாவை ஓட்டச் சொல்லி பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எப்போ விடும், சொல்லு."

"எப்பவோ விட்டுடுச்சுண்ணா."

அண்ணா மீட்டரைப் பார்த்தார். முப்பதில் இருந்தது. ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் லேசாக அசைத்துப் பார்த்தார். "அதே பழைய கனம்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

இரண்டாவது முறை டீச்சர் வந்தபோது, பொத்தேரி வரை போய் யூ டர்ன் அடித்துப் பட்டறைக்கே திரும்பி வருவதாகப் பேச்சு. நானும் அண்ணாவும் பைக்கில் பின்னால் போனோம். சந்தில் வண்டி வெண்ணெய் போலத் திரும்பியது. பொத்தேரியில் கல்லூரிப் பசங்க ஃபோனைத் தூக்கிக்கொண்டு நடுரோட்டுக்கே வந்துவிட்டார்கள். டீச்சர் ஒரு கையை உயர்த்தி, "ஓரமா போங்கப்பா!" என்றார். மறு கையால் ஸ்டியரிங்கைச் சுற்றினார். பசங்க ஓரமாகப் போனார்கள்.

திரும்பும் வழியில் வண்டி வேகம் எடுத்தது. பட்டறைக்குத் திரும்பும் இடம் வந்தது. இண்டிகேட்டர் எரியவில்லை. வண்டி நேராகப் போய்விட்டது.

"இன்னாம்மா, உன் மோட்டார் சிக்கிகிச்சா?" என்று கத்தினார் அண்ணா.

டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சாருக்கு ஃபோன் போட்டேன். முதலில் காற்றுதான் கேட்டது.

"சார், ஸ்டியரிங் திரும்பலையா?"

"அது நல்லாத்தான் இருக்கு. இவளுக்குத்தான் நிறுத்த மனசில்ல. செங்கல்பட்டு போய் டீ குடிக்கலாங்கிறா."

பின்னால் டீச்சரின் குரல் கேட்டது. "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க. ஒவ்வொரு பள்ளமும் கைக்குத் தெரியுது!"

அண்ணாவிடம் சொன்னேன். அவர் பைக்கின் பெட்ரோல் முள்ளைத் தட்டிப் பார்த்தார்.

"கெட்டியா புட்ச்சுக்கோ," என்று ஆக்சிலேட்டரை முறுக்கினார். "டீ அவங்க செலவுதான்."