பதினோராவது வார்த்தை

“பழம் ஆச்சு, பறவை ஆச்சு, ஆஸ்பத்திரிகூட ஆச்சு. பட்டறை எப்போ டீச்சரம்மா?”

“ஹெச்.எம். கிட்ட கேக்கணும்ங்க.”

“போன வருஷமும் இதையேதான் சொன்னே.”

“பாக்கலாம்னேன்ல.”

“பாரு, பாரு. என் வெல்டிங் கண்ணாடி வேணும்னா தரேன், போட்டுக்கிட்டு நல்லாப் பாரு.”

கணவர் அப்படிக் கேட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை. இப்போது அவள் பீரோ முன் நின்று அவருக்குப் போட ஒரு சட்டை தேடிக்கொண்டிருந்தாள். எதை விரித்தாலும் மார்பிலோ கையிலோ தீப்பொறி பட்ட பொத்தல். நேற்று மத்தியானம் பட்டறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், இன்று விடியும்போது இல்லை.

அவளுடைய மூன்றாம் வகுப்பில் வாரத்துக்கு ஒரு தலைப்பு, தலைப்புக்குப் பத்து வார்த்தை. ஞாயிறுதோறும் சாப்பாட்டு மேஜையில் சார்ட்டை விரித்து எழுதுவாள். மூலை சுருண்டுவிடாமல் அவர் இரண்டு கையாலும் அழுத்திக்கொள்வார். அரம், குறடு, ராடு, கசடு என்று தன் பத்தையும் சொல்லிப் பார்ப்பார். வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் புழங்கும் வார்த்தைகள்தான். ஆனாலும் தலைமை ஆசிரியையிடம் அவள் ஒருநாளும் கேட்டதில்லை. ‘ஓ, உங்க வீட்டுக்காரர் வேலையா?’ என்று அவர் புருவம் உயருமோ என்ற கூச்சம். அதை மட்டும் கணவரிடம் சொன்னதில்லை.

“அண்ணி.”

அறை வாசலில் லேத்துக்காரர் நின்றிருந்தார். பட்டறையில் கணவரோடு பதினைந்து வருஷம் வேலை பார்த்தவர்.

“உள்ள வாங்க.”

“ஒண்ணு சொல்லணும். நேத்து ஆஸ்பத்திரியில அண்ணன் இருந்த இடத்தை நானேதான் கண்டுபிடிச்சேன். யாரையும் கேக்கல. ‘அவசர சிகிச்சை’ன்னு எழுதியிருந்துச்சு. படிச்சிட்டேன்.”

அவள் திரும்பினாள். கூலி வாங்க அவர் கைநாட்டு வைப்பார் என்றுதான் கேள்வி.

“ஆஸ்பத்திரி சார்ட்டுல நீங்க எழுதின வார்த்தைதான் அண்ணி. உங்க பழைய சார்ட்டு எல்லாம் லேத்துக்கு மேல வரிசையா ஒட்டியிருக்கு.”

“பட்டறை மேஜையில விரிக்கன்னு வாங்கிட்டுப் போவாரே.”

“உங்ககிட்ட சொல்ல வேணாம்னு நாங்கதான் அண்ணனைத் தடுத்தோம். நீங்க பரீட்சை வைக்க வந்துட்டா என்ன பண்றது? அண்ணனே பெரிய தொல்லை. அஞ்சு வார்த்தை படிச்சாத்தான் டீ. தப்பாப் படிச்சா, என் பொண்டாட்டி எழுத்தை அவமானப்படுத்தாதேடாம்பாரு.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

“தொழில்கள் பட்டியல் இருக்குல்ல அண்ணி, அதுல மட்டும் கீழ பதினொண்ணுன்னு போட்டு அண்ணன் சாக்பீஸால எழுதிவெச்சிருக்காரு.”

“என்னன்னு?”

“வெல்டர்னு.”

டாக்டர், நீதிபதி, விமானி என்று அவள் எழுதிய பத்தும் நினைவுக்கு வந்தன. அந்த ஞாயிற்றுக்கிழமையும் அவர்தான் மூலைகளை அழுத்திப் பிடித்திருந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பீரோவைச் சாத்தினாள். கொடியில் கிடந்த பட்டறைச் சட்டையையே எடுத்து, ஒவ்வொரு பொத்தலையும் சுற்றி நிதானமாக இஸ்திரி போட்டாள்.

மத்தியானம் தலைமை ஆசிரியை வந்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ரெண்டு வாரம் லீவு எடுத்துக்கோங்க,” என்றார். “வார்த்தைப் பட்டியலை வேற டீச்சரை எழுதச் சொல்றேன். அடுத்தது பூக்கள்தானே?”

வாசலில் பட்டறை ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர், தலை சீவி, கறை போகாத விரல்களைக் கோத்துக்கொண்டு நின்றார்கள். அவள் அவர்களைப் பார்த்தாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“நானே எழுதித் தரேன் மேடம். பூ அப்புறம் போட்டுக்கலாம். தலைப்பு பட்டறை. பத்து வார்த்தையும் என் வீட்டுக்காரர் சொன்னது. நம்ம கிளாஸ் சுவத்துல மாட்டணும், அனுமதி குடுங்க.”