பச்சை பிடித்த குப்பி

பல் கேப் வார்க்கிற உலோகத்தைச் சோதிப்பது என் வேலை. உப்பும் அமிலமும் கலந்த நீரில், வாய்ச் சூட்டில், தகடுகளை ஏழு நாள் ஊறப்போடுவேன். அரிக்காமல் இருந்தால்தான் சான்றில் என் கையெழுத்து விழும்.

இந்தத் தடவை நான்காம் நாளே குப்பி பச்சை பிடித்துவிட்டது. தகடெல்லாம் சொறி பிடித்த தோல் மாதிரி புள்ளி புள்ளியாக அரித்திருந்தது.

உலை அறைக்குப் போய்ப் பார்த்தேன். புது உலோகம் இருக்க வேண்டிய தட்டில் பழைய கேப்புகள், யார் யார் வாயிலிருந்தோ பிடுங்கியவை. ஒன்றுக்குள் பல்லின் கட்டை கறுத்து அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. நாற்றத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

பட்டறை என் கணவரின் அண்ணனுடையது.

“அத்தான், இந்தக் கண்றாவியையா உருக்கிக் கலந்தீங்க?”

“உருகினா எல்லாம் சுத்தம்மா.”

“அரிப்பைத் தடுக்கிற குரோமியம் குறைஞ்சு போச்சு. நிக்கல் கரைஞ்சு இறங்குது. போட்டவங்க ஈறு புண்ணாயிரும்.”

“போன மாச வார்ப்புல நல்ல தகடு மிச்சம் இருக்கு. அதப் போட்டு, தண்ணியையும் மாத்திரு. மூணு நாள்ல சரக்கு போகணும்.”

“முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கச் சொல்றீங்க.”

“அந்தச் சோறு போடுறதே நான்தானே!”

குப்பியை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். “ஒரு வாய் கொப்பளிச்சுத் துப்புங்க. கையெழுத்துப் போடுறேன்.”

அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு பின்வாங்கினார்.

“ஊரான் வாய்னா மட்டும் பரவாயில்லையோ?”

“டேய்,” என்று தம்பியைக் கூப்பிட்டார். “உன் பொண்டாட்டி தீர்ப்பு சொல்றா, வந்து கேளு.”

மெருகு போடும் மிஷினை நிறுத்திவிட்டு, புருவமெல்லாம் தூளோடு என் கணவர் வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். குப்பியை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை.

“அண்ணன் தெரியாமலா சொல்லுவாரு?”

பேனாவை எடுத்தார். சான்றில் என் கையெழுத்தைப் போட்டார். சுழியும் கோடும் அச்சு அசல். கை தயங்கவே இல்லை. எத்தனை சான்றுகளில் போட்டுப் பழகிய கையோ!

“வா, வீட்டுக்குப் போலாம்” என்று தோளைத் தொட்டார்.

“ச்சீ, கைய எடு.”

குப்பியை இறுக மூடினேன். பல் கட்டையோடு இருந்த அந்தக் கேப்பையும் ஒரு தாளில் மடித்துக்கொண்டேன். சரக்கு வாங்கும் பல் மருத்துவர் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார்.

“குடும்பத்த நாறடிக்காதடி!” என்று பின்னாலிருந்து கத்தினார் கணவர்.

வாசலில் காறித் துப்பிவிட்டு நடந்தேன்.