நாற்பத்தைந்தாம் நாள் வரை

2023ஆம் ஆண்டு அக்டோபர் எட்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, தோக்கியோ மாநகரின் கித்தா வட்டத்தில், இரயில் பாதையை ஒட்டிய ஒரு மாடியறையில் நிலைமை இதுதான். டம்பர் கர்த்தி என்னும் நேபாளத்துச் சமையற்காரனுக்குச் சம்பளம் வந்துகொண்டிருந்தது; அவன் மனைவி மனிசராவுக்கு வரவில்லை. இரண்டு வயது நிரம்பிய அவர்களுடைய மகள் பிபிஷாவுக்குக் குழந்தைகள் காப்பகத்தில் இருந்த இடம் போய்விட்டது. ஒற்றைச் சம்பளம் வாடகைக்கும் அரிசிக்கும் போதும். அதற்குமேல் எதற்கும் போதாது. கீழ்த்தளத்தில் குடியிருக்கும் லோக்நாத்தும் அவன் மனைவி ஹிம்குமாரியும் தசைன் திருவிழாவுக்காக வியாழக்கிழமை ஊருக்கு விமானம் ஏறுகிறார்கள். பிபிஷாவைத் தங்களுடன் அழைத்துச் சென்று சொந்த ஊரான பாக்லுங்கில் மனிசராவின் மாமியாரிடம் சேர்ப்பிக்க அவர்கள் இசைந்திருந்தார்கள். இரண்டு வயதுக் குழந்தைக்குத் தனி இருக்கை வேண்டும். ஆகவே அனுப்புவதா, வேண்டாமா என்பதை அன்று மாலைக்குள் சொல்லியாக வேண்டும்.

ஜூலை மாதக் கடைசியில் டம்பரின் தகப்பனார் இறந்ததில் இது தொடங்கியது. மகனானவன் தலை மழித்து, வெள்ளை உடுத்து, தானே சமைத்த உப்பில்லாச் சோற்றை ஒருவேளை உண்டு, பதின்மூன்று நாள் யாரும் தொடாமல் ஒதுங்கி அமர்ந்து கிரியை செய்ய வேண்டும். டம்பர் விடுப்புக் கேட்டான். கடை முதலாளியும் பாக்லுங் பக்கத்துக்காரர்தான், முறைகளையெல்லாம் அறிந்தவர். அறிந்ததனால்தான் கடையின் பின்கட்டில் முக்காலியைப் போட்டு, தம் கையாலேயே டம்பரின் தலையை மழித்துவிட்டார்.

"அழுவுறதுன்னா இப்பவே அழுதுடு, தம்பி. பதினோரு மணிக்கு அடுப்பு சூடாயிருக்கணும். நீ ஊருக்குப் போனா கடைய மூடணும். கடைய மூடினா உன் விசாவையும் சேர்த்துத்தான் மூடணும்."

சமையற்காரனின் மேலங்கி ஏற்கெனவே வெள்ளை. அதுவே துக்க உடையாயிற்று. பதின்மூன்று நாளும் அவன் பிறருக்கு ஆட்டுக்கறி சமைத்தான். ருசி பார்க்கக் கூடாதென்பதனால் உடன் வேலை செய்தவனை அழைத்து நாக்கில் விடச் சொன்னான். மாலையில் அறைக்கு வந்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, உப்பில்லாமல் தின்றான். அவன் சார்பில் ஊருக்குப் போனவர்கள் மனிசராவும் பிபிஷாவும்.

இரண்டு வாரத்தில் திரும்புவதாகக் காப்பகத்தில் சொல்லிவிட்டுத்தான் மனிசரா சென்றாள். பதின்மூன்றாம் நாள் சடங்கு முடிந்து பெட்டியைக் கட்டியபோது மாமியார் வாசலை மறித்து உட்கார்ந்துவிட்டாள்.

"கொள்ளி போட மகன் வரல. கறிச்சட்டியில கைய விட்டுக்கிட்டே கிரியை உக்காந்தானாம், ஊரே சிரிக்குது. நீயாவது நாப்பத்தஞ்சாம் நாள் சடங்கு முடிச்சிட்டுப் போ. அதுகூட இல்லேன்னா அந்த மனுஷன் பிள்ளை பெத்தது எதுக்கு?"

இதற்கு மறுமொழி சொல்ல எந்த மருமகளாலும் இயலாது. மனிசரா கணவனைத் தொலைபேசியில் அழைத்து, காப்பகத்துக்குத் தெரிவித்துவிடும்படி சொன்னாள். டம்பர் "சரி" என்றான், தெரிவிக்கவில்லை.

செப்டம்பர் நடுவில் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் காப்பகத்துக்குச் சென்றபோது, தலைமைப் பெண்மணி வாசலுக்கே வந்து, இடுப்பு வளையப் பலமுறை வணங்கினாள். தகவலின்றி ஒரு மாதத்துக்கு மேல் வராத குழந்தையின் இடம் அடுத்த குழந்தைக்கு உரியது என்று மெல்லிய குரலில் வருந்தினாள். பிபிஷாவின் தொப்பி, மாற்றுடை, சிறு மெத்தை ஆகியவற்றைத் துவைத்து மடித்துப் பையிலிட்டுக் கொடுத்தாள். அந்த ஊரில் கதவைச் சாத்துகிறவர்கள் தலைவணங்கித்தான் சாத்துவார்கள்.

சாப்பாட்டுப் பெட்டிகள் அடைக்கும் தொழிற்சாலை அவளை மீண்டும் எடுத்துக்கொள்ள ஆயத்தமாக இருந்தது: குழந்தையை விட ஓர் இடம் பார்த்துவிட்டு வா என்றது. வட்ட அலுவலகமும் இடமில்லையென்று சொல்லிவிடவில்லை: வேலைக்குப் போகும் தாயின் குழந்தைக்கே முதலிடம், வேலைக்குச் சான்று கொண்டு வா என்றது. இவ்விரண்டு வாசல்களுக்கும் நடுவில் மூன்று வாரம் நடந்து மனிசராவின் கால்கள் ஓய்ந்தன.

ஞாயிறு பிற்பகல், கடையின் இடைவேளையில் டம்பர் வீட்டுக்கு வந்திருந்தான். லோக்நாத்தும் ஹிம்குமாரியும் மேலே ஏறி வந்தார்கள். வயதில் மூத்த ஹிம்குமாரியை மனிசரா 'திதி' என்றுதான் அழைப்பாள், உடன்பிறந்த அக்காளைப்போல; அவளுக்கு இவள் 'பஹினி', தங்கை.

லோக்நாத் உட்காரும்போதே பேச்சைத் தொடங்கினான். "உன் புருஷன் சுடுற ரொட்டி தட்டுக்கு வெளிய ஒரு முழம் தொங்குது. அதுக்கு இந்த ஊர்ல இடம் இருக்கு. நம்ம பிள்ளைங்க மத்தியானம் படுத்துத் தூங்கத்தான் இடமில்ல!"

யாரும் சிரிக்கவில்லை. "சும்மா இருங்க. துக்க வீட்டுல வந்து வாய்க்கொழுப்பு" என்று ஹிம்குமாரி அவனை அதட்டிவிட்டு, மனிசராவின் பக்கம் நகர்ந்து அமர்ந்தாள். "அனுப்பிரு பஹினி. நான் அனுப்பல? முதல் பத்து நாள் மார்ல பால் கட்டுன மாதிரி வலிக்கும். அப்புறம் மரத்துப்போயிரும்."

"எது திதி மரத்துப்போகும்? வலியா, மனசா?"

"ரெண்டுந்தான். ரெண்டும் ஒண்ணா இருந்தா எது போச்சுன்னு யாருக்குத் தெரியுது?"

"உங்க பையன் உங்கள அம்மான்னு கூப்பிடுறானா?"

ஹிம்குமாரி தேநீரை ஒரு மிடறு குடித்தாள். "ஒகுபோன்னு கூப்பிடுறான். அப்ப நாங்க ஒகுபோவுல குடியிருந்தோம்ல? போன் வந்தாலே வீட்டுல 'ஒகுபோவுலேருந்து' 'ஒகுபோவுலேருந்து'ன்னு சொல்லிச் சொல்லி, அது என் பேருன்னு நெனச்சுக்கிட்டான். 'ஒகுபோ, எப்ப வருவ'ங்குறான். பாசமாத்தான் கேக்குறான்."

லோக்நாத் சட்டென்று, "ஏப்ரல்ல புதுசா இடம் போடுவாங்க. அப்ப திருப்பிக் கூட்டியாந்துக்கலாம்" என்றான்.

"தெரியாததப் பேசாதீங்க" என்றாள் ஹிம்குமாரி. "ஊர்ல இருக்குற பிள்ளைக்கு இங்க எப்படி மனுப் போடுறது? பிள்ளை இந்த ஊர்ல குடியிருக்கணும். ஏமாத்தாம சொல்றேன், பஹினி. அனுப்புனா பள்ளிக்கூடம் போற வயசு வரைக்கும்தான். பள்ளிக்கூடத்துலதான் யாரும் இடமில்லேன்னு சொல்ல மாட்டாங்க."

அவர்கள் இறங்கிச் சென்றார்கள். பிபிஷா காப்பகத்துத் தொப்பியை அணிந்துகொண்டு, நிலைப்படியருகே காலணிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒரு போன்" என்றாள் மனிசரா. "ஒரே ஒரு போன் பண்ணச் சொன்னேன் உங்கள."

"பண்ணலாம்னுதான் இருந்தேன். தலை மொட்டை, வயித்துல உப்பில்லாத சோறு. அந்தம்மாகிட்ட எந்த வார்த்தையில ஆரம்பிக்கிறதுன்னு நாள் தள்ளிட்டேன். மாசப் பணத்த அவங்க பாட்டுக்கு எடுத்துக்கிட்டுத்தான் இருந்தாங்க. பணம் வாங்குறவன் இடத்த வெச்சிருப்பான்னு நெனச்சேன்."

"பஸ்ல துண்டு போட்டு வெச்ச இடம்னு நெனச்சீங்களாக்கும்!"

"நீ மட்டும்? பதினாலாம் நாளே கிளம்பியிருக்கலாம்ல?"

"கிளம்பியிருந்தா உங்கம்மா முகத்துல நீங்க முழிச்சிருப்பீங்களா? அங்க உங்க இடத்துலதான் நான் உக்காந்திருந்தேன். உங்களப் பாத்துச் சிரிச்ச ஊரு வாய என்னை உக்கார வெச்சுத்தான் அடைச்சாங்க."

டம்பரின் தலையில் மயிர் கட்டையாக முளைத்திருந்தது. அதைத் தடவிக்கொண்டே அவன் தரையைப் பார்த்தான். அவள் சொன்னது உண்மை. அவன் சொன்னதும் பொய்யன்று. உண்மைகள் இரண்டு இருந்தும் அவற்றால் ஓர் இடமும் கிடைக்கப்போவதில்லை.

"நானும் அவகூடப் போயிடுறேன்" என்றாள் மனிசரா. "நீங்க கடை மாடியில மத்த பசங்களோட படுத்துக்குங்க. வாடகை மிச்சம்."

"போனா உன் விசா போயிரும். இங்க வர வாங்குன கடனுக்கு ஒரு சம்பளத்துல வட்டியக் கட்டலாம், அசலத் தொட முடியாது. அப்புறம் நான் இங்கயே கிழவனாயிருவேன். நீங்க ரெண்டு பேரும் அங்க."

"அப்ப மூணு பேருமே போவோம்."

"போயி? நம்ம ஊர்ல என் வயசு ஆம்பளை எத்தனை பேர் இருக்கான், நீயே பாத்துட்டு வந்தியே. அப்பாவத் தூக்கறதுக்கே பக்கத்து ஊர்லேருந்து ஆள் வந்துச்சுன்னு நீதான சொன்ன?"

பாடையின் நான்கு மூலைக்கும் தோள் கிடைக்காமல் பிணம் நண்பகல் வரை முற்றத்தில் கிடந்ததை மனிசரா ஊரில் கேட்டறிந்திருந்தாள். அங்கே உழைப்பதற்கு ஒன்றுமில்லை. இங்கே உழைப்பதற்குப் பிள்ளை தடை. எந்தப் பக்கம் திரும்பினாலும் மூவரில் ஒருவர் குறைந்தார். யார் குறைவது என்பது மட்டுமே அவர்களிடம் விடப்பட்டிருந்தது.

அப்போதுதான் தன் கைகள் செய்துகொண்டிருந்ததை மனிசரா கவனித்தாள். பேசிக்கொண்டே அவள் மகளின் துணிகளை இரண்டு குவியலாகப் பிரித்திருந்தாள்: இந்தக் குளிர்காலத்துக்குமேல் பற்றாதவை ஒருபுறம், அடுத்த ஆண்டுக்கும் தொளதொளவென்று ஆகக்கூடியவை மறுபுறம். மனம் வாதாடிக்கொண்டிருக்கையில் கை தீர்ப்பெழுதிவிட்டது. அவள் அக்குவியல்களைக் கலைக்க நினைத்தாள். கலைக்கவில்லை.

"என்ன சொல்லட்டும் அவங்ககிட்ட?" என்று டம்பர் கேட்டான். கடைக்குத் திரும்பும் நேரமாகியிருந்தது.

"உங்களுக்குத் தெரியாதா? என் வாயால வேற சொல்லணுமா?"

டம்பர் இறங்கும் வழியில் கீழ்த்தளத்துக் கதவைத் தட்டி, குழந்தைக்கு ஓர் இருக்கை பதியச் சொன்னான். முடிவு பின்வருமாறு அமைந்தது. பிபிஷா பன்னிரண்டாம் தேதி, வியாழக்கிழமை, லோக்நாத், ஹிம்குமாரி ஆகியோருடன் ஊருக்குச் செல்வாள். அவளுக்குப் பள்ளி வயது நிரம்பும் 2028ஆம் ஆண்டு ஏப்ரலில் அழைத்துவரப்படுவாள். மனிசரா அடுத்த திங்கட்கிழமை முதல் தொழிற்சாலைக்குச் செல்வாள். வரும் ஏப்ரலுக்கான காப்பக மனுவைப் போடுவதில்லை.