தியாகராசா போனை எடுத்தார்

1

ஒரு சொல்லுக்கு அர்த்தம் சொல்லப் போய் இந்தக் கதையில் மாட்டிக்கொண்டேன். சொல்: ஃப்ளேம் வார். 1996-இல் இணையத்தில் குடியிருந்தவர்கள் வாயில் எப்போதும் அதுதான். தமிழில் ‘தீச்சண்டை’ என்று எழுதி, அடித்துவிட்டேன். [தீயாவது விறகு தீர்ந்தால் அணையும்.] பேசாமல் ஆளையே காட்டிவிடுகிறேன்.

2

மலேசியாவில், பிரிக்பீல்ட்ஸ் மீனலோசனியும் கிள்ளான் கன்னையாவும் ஒரே ஆபீஸ், அடுத்தடுத்த மேசை. ஒரு தமிழ் மின்மடல் குழுவில், தேங்காய்ச் சட்டினிக்குப் பூண்டு போடலாமா என்று ஆரம்பித்தார்கள். சில வாரங்களில் பரம்பரைக்கு வந்துவிட்டார்கள். குழுவே வேடிக்கை பார்த்தது. மறுநாள் ஆபீசில்?

“சாப்டியா? நாசி லெமாக் ரெண்டு பொட்டலம் வாங்கிட்டேன் லா.”

“சம்பல் நெறய வெச்சாங்களா?”

அவ்வளவுதான்! மடலைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள். ஆக, முகம் பார்க்காத சண்டைதான் ஃப்ளேம் வார். [அர்த்தம் கிடைத்துவிட்டது என்று கதையை இங்கேயே முடித்தேன். அவசரக் குடுக்கை நான்.]

3

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மீனலோசனி எழுதிய மடலின் கடைசி வரி இது: “ரப்பர் தோட்டத்தில் உன் அப்பா பால் வெட்டினார், என் அப்பா கணக்கெழுதிய கிராணி. யார் யாருக்குச் சலாம் போட்டார்கள் என்று வீட்டில் கேள்.”

இது போய்ச் சேர்ந்தால் இனி நாசி லெமாக் கிடையாது. கன்னையாவை விட்டால் அவளுக்கு வேறு நெருக்கமான சிநேகிதமும் கிடையாது. முதல் பிரதியில் மடலைப் போகவிட்டேன். திங்கட்கிழமை அவன் தன் மேசையைத் தள்ளிப் போட்டுக்கொள்ள, அவள்

வேண்டாம். எனக்கு மனசு வரவில்லை. கிழித்துப் போட்டேன்.

4

மோடம் கீச்சிட்டது. மடல் கிளம்புகிற நேரம், கூடத்தில் அவள் அப்பா தியாகராசா போனை எடுத்தார். நெட்டுக்கும் போனுக்கும் ஒரே லைன்; அறுந்தது.

“அப்பா! நான் நெட்டில நிக்கிறன்!”

“எவ்வளவு நேரமா லைனைப் பிடிச்சு வச்சிருக்கிறாய், பிள்ளை? கன்னையாத் தம்பிக்குப் போன் அடிக்க வேணும். டுரியான் பழம் வாங்க கிள்ளானுக்கு வரச் சொன்னவர். நீயும் வாறியோ?”

அந்த வரியை அவள் இன்னொரு தரம் படித்தாள், இந்தத் தடவை அப்பாவின் குரலில். பிடுங்கித் தின்கிற வெட்கம். திரையை மட்டும் அணைத்துவிட்டு, “வாறன்” என்று எழுந்தாள்.

‘சரியாக அந்த நேரத்திலா போன்? தில்லுமுல்லு!’ என்பீர்கள். ஆமாம் ஐயா, வேண்டுமென்றேதான் செய்தேன். அப்பாடா! இப்போதுதான் எனக்கு மூச்சு வருகிறது.

5

கார் கிளம்பப் போகிறது. மடலை அழிக்க மறந்துவிட்டாள். அது அவுட்பாக்ஸில் கிடக்கிறது. அடுத்த முறை லைன் கிடைத்தால் தானாகப் போய்விடும். நானும் அவர்களோடு போகிறேன், டுரியான் என்றால் என்னால் வீட்டில் நிற்க முடியாது. வாசகரே, வீட்டில் நீங்கள் மட்டும்தான். கணினி ஓடிக்கொண்டிருக்கிறது.

அழிப்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் வீட்டுச் சட்டினிக்குப் பூண்டு உண்டா இல்லையா என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.